பிற நில அமைப்புகள்

“வீட்டுத் தலைவர் யாரு, மானாங்?”

“சார்…”

“ரொடெல்தானே? எழுதிட்டேன்.”

“அது வந்து, சார்…”

“என்ன மானாங்?”

“ஒண்ணுமில்ல. இன்னொரு துண்டு மீன் வைக்கவா?”

“வைங்க. வால் பக்கம் வேண்டாம். அடுத்த கேள்வி. ரொடெல் வீட்டைவிட்டுப் போய் எவ்வளவு நாளாச்சு?”

“நாலு வருஷம் பதினோரு மாசம்.”

“சவூதியிலதானே இருக்காரு?”

“வேற எங்க இருப்பாரு?”

சார் கிரிசாந்தோ விரலில் ஒட்டியிருந்த மீன் எண்ணெயைத் துடைத்துவிட்டு, கணக்கெடுப்பு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரே வரியை இரண்டு தரம் படித்தார். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர் ஐந்து ஆண்டுகளுக்கு உட்பட்டு அங்கே இருந்தால் வீட்டில் இருப்பவராகவே கருதப்படுவார். ஐந்தைத் தாண்டிவிட்டால் கருதப்பட மாட்டார்.

“இன்னும் அஞ்சு ஆகலை. அப்போ ரொடெல் வீட்ல இருக்கிற ஆளுதான்.”

“நிஜமாவா சார்?”

“நானா சொல்றேன்? கவர்ன்மென்டே சொல்லுது.”

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் நடந்த இந்தப் பேச்சில் ஒரு சொல்லைக்கூட, ஊரே ‘மானாங்’ என்று அக்கா முறை வைத்துக் கூப்பிடும் பெர்லிட்டா மறக்கவில்லை. குயிமராஸ் தீவில், படகுத்துறைக்கு எதிரே அவளுடைய சோற்றுக்கடை. பலகையில் ‘ரொடெல் உணவகம்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கப்பலிலிருந்து இறங்கும்போதே கணவன் கண்ணில் அவன் பேர் பட வேண்டும் என்று அவளே எழுதி வைத்தது. அடுப்பு அவளுடையது, ஆறு மேசையும் அவளுடையவை, புயலில் பறந்த கூரைத் தகரத்தை மறுபடி ஏறி ஆணியடித்தவளும் அவள்தான். குழந்தை இல்லை. நாற்பத்தேழு வயது.

ரொடெல் வெல்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் குரல் செய்தி அனுப்புவான். ஒப்பந்தம் நீட்டிவிட்டார்கள், விடுப்பு தரவில்லை, அடுத்த பிறந்தநாளுக்குக் கட்டாயம் வந்துவிடுகிறேன் என்பான். அவன் பிறந்தது பிப்ரவரி இருபத்தொன்பது. பக்கத்து வாழைப்பழக் கடை நிம்ஃபா அதைக் கேட்டுவிட்டு, “பிறந்தநாளுக்கு வரேன்னு சொல்றதுக்கு அந்தாளுக்கு மட்டும்தான் தைரியம் வரும். நாலு வருஷம் தவணை கிடைக்குதே” என்றாள். ஒரு செய்தியில் பின்னணியில் சேவல் கூவியது. முகாமில் நம்மூர்ப் பையன்கள் சண்டைச் சேவல் வளர்க்கிறார்கள் என்றான் ரொடெல். பாலைவனத்தில் சேவல் என்ன தின்னும் என்று பெர்லிட்டா இரண்டு நாள் கவலைப்பட்டாள்.

அதனால்தான் கவர்ன்மென்டே சொல்லிவிட்டது என்றதும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அவளுக்கு மட்டும் தோன்றிக்கொண்டிருந்த ஒன்றுக்கு அரசாங்கம் முத்திரை குத்திவிட்டதே! கணக்குப்படி அவன் வீட்டில்தான் இருக்கிறான். அன்று சாயங்காலம் இரண்டு தட்டு வைத்துச் சாப்பிட்டாள்.

கணக்கெடுக்க வந்த சார் கிரிசாந்தோ நாலாம் வகுப்பு வாத்தியார். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினைந்து வருஷமாக மதியச் சாப்பாடு அவள் கடையில்தான். போன கணக்கெடுப்புக்கும் அவர்தான் வந்தார். கேள்விகளை ஆரம்பிப்பதற்கு முன் எழுந்து நின்று, வலது கையை உயர்த்தி, தேசியத் தலைக்கணக்கு ஆணையத்தின் சத்தியப் பிரமாணத்தைப் படித்தார். இந்த வீட்டில் கேட்டதை, இந்த வீட்டைப் பற்றி அறிந்ததை, எவரிடமும் சொல்ல மாட்டேன். சொன்னால் ஐந்து வருஷம் சிறை, வேலையும் போகும். பெர்லிட்டா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பயபக்தியோடு கேட்டாள். கல்யாணத்தன்று பாதிரியார் முன்னால் ரொடெல் சொன்ன சத்தியம்கூட இவ்வளவு நீளமில்லை.

*

இப்போது ஆணையம் இணையதளம் திறந்திருந்தது. ‘ஒவ்வொரு தலையும் ஒரு புள்ளி’ என்பது அதன் முழக்கம். நாடு முழுவதும் ஒரே வரைபடம். வீட்டில் இருப்பவர் நீலப் புள்ளி. வெளிநாட்டில் உழைப்பவர் நாட்டின் வீரர் என்பதால் அவருக்குப் பொன் நட்சத்திரம். ‘உங்கள் புள்ளியைக் கண்டுபிடியுங்கள்’ என்று ஒலிபெருக்கி வண்டி மூன்று நாள் ஊரைச் சுற்றியது. பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்த பிராந்திய இயக்குநர் அல்மெந்த்ராஸின் முகம், படகுத்துறைப் பதாகையில் படகைவிடப் பெரிதாக இருந்தது.

நிம்ஃபாவின் கைப்பேசியில் பார்த்தார்கள். அவர்கள் இருப்பது ஆறாம் பூரோக் என்ற சின்ன வட்டாரம். துறையை ஒட்டிய எட்டே வீடுகள். திரையைத் தொட்டதும் நீலப் புள்ளிகள் கொசுக்கூட்டம் போல எழுந்தன. முப்பது புள்ளிகள். நட்சத்திரம் ஒன்றும் இல்லை.

“நல்லாத் தேடு, நிம்ஃபா. சமையல்கட்டுக்குப் பின்னாடி பாரு.”

“இது வரைபடம், மானாங். உன் சமையல்கட்டு இதுல எங்க தெரியும்?”

சந்தேகத்தைத் தீர்க்க, கூடையிலிருந்த கலமான்சி எலுமிச்சைகளைப் பெர்லிட்டா மேசைமேல் வீடு வீடாக அடுக்கினாள். தலைக்கு ஒன்று. நிம்ஃபா வீட்டுக்கு ஐந்து. படகோட்டி பிதியோங் வீட்டுக்கு மூன்றா நாலா என்று சண்டை வந்தது. பிதியோங்கின் மச்சான் மூன்று வருஷமாக ஒரு வாரத்துக்கு வந்து தங்கியிருப்பவன். அவனையும் சேர்த்து நாலு என்று பஞ்சாயத்தானது. கடைசியில் முப்பது பழங்கள் மேசையில் இருந்தன. ஒன்று மட்டும் பெர்லிட்டாவின் உள்ளங்கையில்.

“இது யாரு?” என்றாள் நிம்ஃபா.

“ரொடெல்.”

யாரும் சிரிக்கவில்லை. பிதியோங்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “புகார் கொடு, மானாங். அதுக்கும் ஒரு பொத்தான் வச்சிருப்பானுங்க” என்றான்.

வைத்திருந்தார்கள். ‘வரைபடத்தில் விடுபட்டிருப்பது எது?’ என்று பட்டியல் விரிந்தது. ஆறு. குன்று. சாலை. பாலம். தேவாலயம். கல்லறைத் தோட்டம். பிற நில அமைப்புகள். கணவன் என்று ஒன்று இல்லை. மனிதன் என்றுகூட இல்லை. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் போக முடியாது என்று திரை சொன்னது. நிம்ஃபா யோசித்துவிட்டு ‘பிற நில அமைப்புகள்’ என்பதை அழுத்தினாள். பெயர் என்று கேட்ட இடத்தில் ‘ரொடெல்’ என்று போட்டாள்.

நாலாம் நாள் பதில் வந்தது. ‘மதிப்பிற்குரிய பயனாளரே, விடுபட்ட நில அமைப்பைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி. எங்கள் களக்குழு நேரில் வந்து அளக்கும்.’

களக்குழு சொன்னபடி வந்தது. முக்காலியும் தொலைநோக்கியுமாக மூன்று பேர்.

“ரொடெல் எங்கங்க இருக்கு?” என்றார் அவர்களில் மூத்தவர்.

“இருக்கு இல்லீங்க. இருக்காரு. என் புருஷன்.”

“அதெல்லாம் எங்க தாள்ல இல்ல, மேம். இங்க நில அமைப்புன்னு போட்டிருக்கு. உயரம் எவ்வளவு?”

“அஞ்சடி ஆறங்குலம்.”

“மீட்டர்ல சொல்லுங்க.”

“எனக்கென்னங்க தெரியும்?”

“சரி, நாங்களே மாத்திக்கிறோம். கடல் மட்டத்துக்கு மேலயா, கீழயா?”

“சவூதியில இருக்காருங்க!”

மூத்தவர் வருத்தத்தோடு தலையசைத்தார். “சவூதி எங்க எல்லைக்குள்ள வராது, மேம்.” பிறகு மூவரும் அடோபோவும் சோறும் சாப்பிட்டார்கள். கறி நன்றாக இருக்கிறது என்றார்கள். போகும்போது கடை வாசலில் சிவப்பு வர்ணம் பூசிய ஒரு முளைக்குச்சியை அடித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு வாரத்தில் வரைபடம் திருத்தப்பட்டது. படகுத்துறைக்கு எதிரே பழுப்பு நிறத்தில் சின்னதாக ஒரு முக்கோணம். அதன்கீழ், ‘ரொடெல் மேடு, 1.68 மீ.’

மூன்று சக்கர வண்டிக்காரர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. “ரொடெல் மேடு எல்லாம் இறங்குங்க!” என்று கூவ ஆரம்பித்தார்கள். நிம்ஃபா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “மனுஷனா இருந்தவரைக்கும் வரலை. மேடான பிறகு வாசல்லயே வந்து உக்காந்துட்டாரே, மானாங்!”

பெர்லிட்டாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய், தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தாள்.

*

மாகாண அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு பெண் இருந்தாள். சட்டையில் ‘உங்கள் தகவல் உங்களுக்கே’ என்று அச்சடித்திருந்தது.

“என் வீட்டுக் கணக்குல ஒரு ஆள் குறையுதும்மா. நான் ரெண்டு பேர்னு சொன்னேன். வரைபடத்துல ஒருத்தர்தான் இருக்கோம்.”

“பாக்கறேன், மேம்.” அவள் கணினியைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். புருவம் மேலே போனது. உடனே திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். “இதை உங்ககிட்ட சொல்ல முடியாது. ரகசியம்.”

“என் வீடும்மா அது.”

“அதான் ரகசியம்.”

“நான்தானே சொன்னேன்!”

“சொன்ன வரைக்கும் உங்களோடது, மேம். எழுதின பிறகு எங்களோடது.”

“அப்போ யாருதான் பாக்கலாம்?”

“வீட்டுத் தலைவர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தா பரிசீலனை பண்ணுவாங்க.” அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். “உங்க தாள்ல தலைவர்னு ரொடெல் காபாயோ பேர் இருக்கு. அவரைக் கூட்டிட்டு வாங்க.”

“அவரு இல்லைன்னுதாம்மா வந்திருக்கேன். உங்க வரைபடத்துல அவரு இல்ல.”

“ஆமா, மேம். அவர் இந்த வீட்டில் இல்லைங்கறதை அவரே வந்து கேட்டாத்தான் சொல்ல முடியும்.”

பெர்லிட்டா கண்ணாடியில் கையை ஊன்றினாள். “இல்லம்மா… அந்தத் தலைவர்ங்கிற இடத்துல…”

“சொல்லுங்க, மேம்?”

“ஒண்ணுமில்ல. கழிவறை எந்தப் பக்கம்?”

திரும்பும்போது வாசலில் ஒரு தாளை நீட்டினார்கள். ‘எங்கள் சேவை எப்படி இருந்தது?’ கட்டங்கள் மூன்று இருந்தன. நன்று, மிக நன்று, சொல்ல வார்த்தையில்லை. பெர்லிட்டா மூன்றாவதில் குறி போட்டாள். அது உண்மையும்கூட.

இத்தனையிலும் சார் கிரிசாந்தோ கடைப் பக்கம் வரவேயில்லை. பதினைந்து வருஷமாக ஒரு நாள் தவறாதவர், இணையதளம் திறந்த வாரத்திலிருந்து துறையின் மறுகோடியில் நின்று வெறும் பன்டெசால் ரொட்டியை மென்றுகொண்டிருந்தார். ஒரு மதியம் பெர்லிட்டா கரண்டியோடு நேரே அங்கே போய்விட்டாள்.

“என் சோத்துல என்ன சார் குறை கண்டீங்க?”

“அய்யோ, அதெல்லாம் இல்ல, மானாங். வயிறு சரியில்ல.”

“வயிறு சரியில்லாத ஆளு நாலு ரொட்டி திங்கறீங்க? நீங்கதானே ரெண்டு பேர்னு எழுதினீங்க? அதை ஒண்ணுன்னு ஆக்கினது யாரு?”

சார் ரொட்டியைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். எதிரே பதினைந்து கிலோமீட்டரில் நெக்ரோஸ் கரை நீலமாகக் கிடந்தது. அவர் உதடு இரண்டு தரம் அசைந்தது. சத்தியம் செய்த வலது கை தானாகவே பாதி உயர்ந்து, பிறகு பைக்குள் போய்விட்டது.

“மானாங், நீங்க வரைபடத்தை ரொம்பக் கிட்ட வச்சுப் பாக்கறீங்க.”

“அப்படின்னா?”

“ரெண்டு விரலை வச்சுச் சின்னதாக்கிப் பாருங்க. நம்ம தீவு முழுசும் தெரியற மாதிரி. இன்னும் கொஞ்சம். அக்கரையும் தெரியற மாதிரி.”

“அக்கரையில எனக்கென்ன சார் வேலை?”

சார் மீதி ரொட்டியை மீன்களுக்குப் போட்டுவிட்டு வேகமாக நடந்தார். நல்ல மனுஷன், வெயிலில் மூளை குழம்பிவிட்டது என்று பெர்லிட்டா நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் அவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்தனுப்பினாள். கிண்ணம் கழுவித் திரும்பி வந்தது.

*

அடுத்து வந்தது அழைப்பிதழ். இணையதளம் திறந்து நூறாவது நாளைப் பிராந்தியமே கொண்டாடப் போகிறது. அந்த நூறு நாளில் மொத்தப் பிராந்தியத்திலிருந்தும் ஆணையத்துக்கு எழுதிய ஒரே குடிமகள் பெர்லிட்டா. ஆகவே அவளுக்கு ‘சிறந்த பயனாளர்’ விருது. மேடையில் அவளே வரைபடத்தை இயக்கிக் காட்ட வேண்டும்.

“போ, மானாங்” என்றாள் நிம்ஃபா. “இயக்குநரே பக்கத்துல இருப்பாரு. நட்சத்திரத்தை நேராக் கேட்டு வாங்கிடு.”

பெர்லிட்டாவும் அதைத்தான் நினைத்தாள்; அழைப்பிதழ் கொண்டுவந்த பையன்களிடம்கூடச் சொல்லி வைத்தாள். பெரிய மனுஷன், ஒரு வார்த்தை சொன்னால் ஒரு நட்சத்திரத்தைப் போட்டுவிட மாட்டார்களா? தேவாலயத்துக்கு மட்டும் உடுத்தும் மஞ்சள் கவுனை எடுத்து இஸ்திரி போட்டாள்.

விழா நடந்தது நகராட்சியின் கூடைப்பந்து மைதானத்தில். மேடைப் பதாகையின் முக்கால்வாசியில் இயக்குநர் அல்மெந்த்ராஸ் இருந்தார். மீதி இடத்தில், ‘சிறந்த பயனாளர்: திருமதி ரொடெல் காபாயோ’. ஜெபம் நடந்தது. தேசிய கீதம் நடந்தது. ஆணையத்தின் சொந்தக் கீதமும் நடந்தது. எல்லோரும் நெஞ்சில் கை வைத்துப் பாடினார்கள். பிறகு ஊழியர்கள் நீலப் புள்ளிகளாக உடையணிந்து ஆடினார்கள். சார் கிரிசாந்தோவும் புள்ளியாக நிறுத்தப்பட்டிருந்தார். கணக்கெடுத்த வாத்தியார்களுக்கெல்லாம் அன்று கட்டாய வருகை. ஆட்டம் முடிந்ததும் மேடையோரம் தண்ணீர்ப் புட்டிகளோடு நிற்கச் சொன்னார்கள். பெர்லிட்டாவைப் பார்த்ததும் அவர் கையிலிருந்து ஒரு புட்டி விழுந்து உருண்டது.

இயக்குநர் பேச எழுந்தார்.

“சகோதர சகோதரிகளே! முன்னெல்லாம் அடுத்த வீட்டு விஷயம் ஒண்ணு தெரியணும்னா நாம எவ்வளவு பாடுபட்டோம்! நாலு வீடு ஏறி இறங்கணும். வேலி ஓரமா நிக்கணும். இன்னைக்கு அந்தக் கஷ்டம் இல்ல. ஒரு தொடுதல் போதும்!”

கைதட்டல்.

“சிலர் கேக்கறாங்க, ரகசியம் என்னாகும்னு. நான் பெருமையாச் சொல்றேன், உயிரே போனாலும் ஒருத்தரோட பேர் எங்க ஆணையத்தை விட்டு வெளிய வராது. பிறந்த நாள், தொழில், வீடு இருக்கிற இடம், வீட்டுல எத்தனை பேர், எத்தனை குழந்தை, இதைத்தான் காட்டறோம். பேரை மட்டும் காட்டவே மாட்டோம்!”

இன்னும் பலமான கைதட்டல். பெர்லிட்டாவும் தட்டினாள்.

“இன்னைக்குப் புதுசா ஒண்ணைத் திறந்து வைக்கிறோம். இதுக்குப் பேர் நகல் நீக்கம். ஒரே ஆள் ரெண்டு வீட்டுல எண்ணப்பட்டிருந்தா, எங்க இயந்திரம் நாலே விநாடியில கண்டுபிடிச்சிடும். உடம்பு எங்க இருக்கோ அந்த வீட்டுல வச்சுக்கும். மத்த வீட்டுலேருந்து எடுத்துடும். ரெண்டு வீட்டையும் ஒரு ஊதாக் கோட்டால இணைச்சுக் காட்டும். மேம், மேடைக்கு வாங்க! உங்க பூரோக்கையே தொடுங்க!”

திரை தேவாலயச் சுவர் அளவுக்கு இருந்தது. பெர்லிட்டா பயந்துகொண்டே விரலை வைத்தாள். ஆறாம் பூரோக் விரிந்தது. முப்பது நீலப் புள்ளிகள். ரொடெல் மேடு. அந்த மேட்டுக்குப் பக்கத்தில், அவள் வீட்டிலிருந்து ஓர் ஊதாக் கோடு கிளம்பித் திரையின் விளிம்புக்கு ஓடியது.

“ஆஹா, இங்கயே ஒண்ணு சிக்கிடுச்சே!” இயக்குநருக்கு உற்சாகம் தாங்கவில்லை. “சின்னதாக்குங்க, மேம். ரெண்டு விரல்ல. கோடு எங்க போகுதுன்னு பாப்போம்.”

ரெண்டு விரலை வச்சுச் சின்னதாக்கிப் பாருங்க. பெர்லிட்டா தலையைத் திருப்பி மேடையோரத்தைப் பார்த்தாள். சார் கிரிசாந்தோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் இரண்டு விரலை வைத்துச் சின்னதாக்கினாள். தீவு சுருங்கியது. கடல் வந்தது. கோடு கடலைத் தாண்டி, நேர் எதிரே நெக்ரோஸ் கரையில் ஒரு வீட்டில் போய் நின்றது. இயக்குநர் தாமே எட்டி அந்த வீட்டைத் தொட்டார். ஒரு கட்டம் விரிந்தது. அவர் குரலெடுத்துப் படித்தார்.

“வீட்டில் இருப்போர் அஞ்சு. தலைவர், ஆண், வெல்டர். இந்த வீட்டில் தொடர்ந்து வசிப்பது இன்னைய தேதிக்கு ஆறு வருஷம். மனைவி ஒண்ணு. குழந்தைகள் மூணு. பிறந்த நாள்… பாருங்க மக்களே, எவ்வளவு துல்லியம்! பிப்ரவரி இருபத்தொன்பது!”

மைதானமே தட்டியது. ஆறாம் பூரோக்கிலிருந்து வந்திருந்த வரிசை மட்டும் தட்டவில்லை. நிம்ஃபாவின் வாயில் பாதி மென்ற அரிசி அப்பம் அப்படியே நின்றது.

பெர்லிட்டாவுக்குச் சேவல் கூவியது கேட்டது. பாலைவனத்தில் அது என்ன தின்னும் என்று கவலைப்பட்டாளே, அந்தச் சேவல். தினமும் மூன்று படகு அக்கரைக்குப் போய் வருகிறது. அந்தப் படகுக்காரர்களுக்கெல்லாம் அவள்தான் சோறு போடுகிறாள். ஆறு வருஷம். அவன் சவூதியில் இருக்கிறான் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்த அதே ஆறு வருஷம்.

“ஒரு ஆம்பளை, ரெண்டு தாள்!” இயக்குநர் விடவில்லை. “ரெண்டு இடத்துலயும் வீட்டுத் தலைவர்னு எழுதியிருக்காங்க. ஒரு வீட்டுல ஆள் இருக்கு, இன்னொரு வீட்டுல வெறும் பேர்தான் இருக்கு. வெறும் பேருக்கு நாங்க புள்ளி வைக்கிறதில்ல. இது மனுஷங்களால கண்டுபிடிக்க முடியுமா, சொல்லுங்க?”

முடிந்திருக்கிறது. ஒரு மனுஷனால் முடிந்திருக்கிறது. பெர்லிட்டா மேடையின் ஓரத்துக்கு நடந்தாள்.

“சார், உங்களுக்குத் தெரியுமா?”

சார் கிரிசாந்தோ தலையசைத்தார்.

“எப்போலேருந்து?”

“சரிபாக்கற பட்டியல் என்கிட்ட வந்தப்போ. ஒரு வருஷம் ஆச்சு, மானாங்.”

“ஒரு வருஷம் என் கையால சாப்பிட்டீங்க.”

“முடிஞ்ச வரைக்கும் சாப்பிட்டேன். அப்புறம் முழுங்க முடியலை. அதான் அந்தப் பக்கம் போய் நின்னேன்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சார்.”

“சத்தியம் பண்ணியிருக்கேன், மானாங். நீங்கதானே எதிர்ல நின்னு கேட்டீங்க. சொன்னா ஜெயில்.”

“ஊருக்கே ஒலிபெருக்கி வச்சுச் சொல்லலாம். எனக்கு மட்டும் சொல்லக் கூடாதா?”

“அதுதான் விதி” என்றார் அவர். அவர் கண் கலங்கியிருந்தது. “விதியை எழுதினவங்க உங்களைப் பாத்ததில்ல, மானாங்.”

இதற்குள் தொகுப்பாளர் ஓடி வந்து ஒலிவாங்கியை அவள் கையில் திணித்தார். நிகழ்ச்சி நிரலில் அடுத்த வரி ‘பயனாளரின் கோரிக்கை, இரண்டு நிமிடம்’. இயக்குநர் சால்வையும் குடையும் சான்றிதழும் ஏந்திக்கொண்டு புகைப்படத்துக்கு நின்றார்.

“கேளுங்க, மேம். வெக்கப்படாதீங்க. ஆணையம் உங்க வீட்டு ஆணையம். என்ன வேணும்? நட்சத்திரம் ஒண்ணு கேட்டதா என் பையன்கள் சொன்னாங்களே? இன்னைக்கு நல்ல நாள், போட்டுடலாம்!”

“வேண்டாங்க” என்றாள் பெர்லிட்டா. ஒலிபெருக்கியில் அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “நட்சத்திரம் வேண்டாம். அந்த மேட்டை மட்டும் எடுத்துடுங்க. வண்டி திருப்ப இடைஞ்சலா இருக்கு.”

கூட்டம் சிரித்தது. இயக்குநரும் சிரித்தார். அவ்வளவுதான் என்று நினைத்து ஒலிவாங்கிக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. மேடையோரம் நீலப் புள்ளிச் சட்டையில் நின்றுகொண்டிருந்தவரை நோக்கித் திரும்பினாள்.

“சார், தாள் இருக்கா உங்ககிட்ட?”

அவர் பையைத் துழாவினார். சான்றிதழ் உறை ஒன்று அகப்பட்டது. பேனாவை எடுத்தார்.

“முதல் கேள்வி ஒண்ணு கேட்டீங்களே. போன தடவையும் கேட்டீங்க, அதுக்கு முந்தின தடவையும் கேட்டீங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்களே எழுதிட்டீங்க. நானும் மீனை வச்சுட்டுப் போயிட்டேன்.” அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். “வீட்டுத் தலைவர்னு கேட்டிருக்கிற இடத்துல என் பேரை எழுதுங்க, சார். பெர்லிட்டான்னு எழுதுங்க.”